அடிக்கிற கைதான் அணைக்குமா?

ஒரு காலத்தில் சிங்கப்பூர், மலேசிய நகரங்களில் வாடகைப் புத்தகக் கடைகள் பரவலாக இருந்தன. முன்பணம் கட்டி ஒரு நாவலை எடுத்துச் செல்லலாம். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் வாடகையைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கடை அலமாரிகளில் நிறைய இடம் பிடித்தவை 'மில்ஸ் அண்ட் பூன்' காதல் நாவல்கள். எடுத்துச் செல்லும் பெண்களில் பலர் அட்டைப்படம் தெரியாதபடி செய்தித்தாளால் உறை போட்டுக்கொள்வார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துவிடக் கூடாது. வீட்டில் மாமியார் பார்த்துவிடக் கூடாது.

உறை எதற்கு? கேலிக்குப் பயந்துதான். "கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் காதல் கதையா?" என்று கேட்பார்கள். "வீட்டில் வேலை இல்லையா?" என்பார்கள். துப்பறியும் நாவல் படிக்கும் ஆணை யாரும் இப்படிக் கேட்பதில்லை. கொலைக் கதை படித்தால் அறிவாளி, காதல் கதை படித்தால் அசடு என்று எப்படியோ ஒரு கணக்கு நம்மிடையே நிலைத்துவிட்டது.

ஆனால் அந்தப் பெண்கள் உறைக்குள் ஒளித்து வைத்துப் படித்தது என்ன? முப்பது, நாற்பது வயதைத் தாண்டியவர்கள். குடும்பம், வேலை, கடன், நோய், துரோகம் எல்லாவற்றையும் பார்த்தவர்கள். அவர்களை இழுத்துப் பிடித்து வைக்கும் கதைகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கிறது. ஒருமுறை காயப்பட்டவர் இன்னொருவரை மறுபடியும் நம்பலாமா? நம்பினால், அந்த நம்பிக்கைக்கு மற்றவர் கொடுக்க வேண்டிய விலை என்ன?

இந்தக் கேள்விக்குச் சரியான பதிலைக் காதல் நாவல் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. கிட்டத்தட்ட 280 ஆண்டுகள் ஆயின. இடையில் பலமுறை தவறான பதிலையும் சொன்னது. அந்தத் தவறான பதில் தமிழர்களுக்குப் புதிதல்ல. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நம் வீடுகளிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சட்டம் காக்காத வீடு

வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1736ஆம் ஆண்டு, மேத்யூ ஹேல் என்ற காலஞ்சென்ற நீதிபதியின் சட்ட நூல் அச்சில் வெளிவந்தது. கணவன் தன் மனைவியைப் பலவந்தப்படுத்தினால் அது குற்றமாகாது, திருமணத்தின்போதே அவள் சம்மதம் கொடுத்துவிட்டாள், அதைத் திரும்பப் பெற முடியாது என்பது அதில் உள்ள கருத்து. அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டத்தில் திருமணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து கிடையாது. அவள் கொண்டுவந்த பணம் கணவனுடையது. அவள் சம்பாதித்தாலும் கணவனுடையது. பிள்ளைகளும் அவனுடையவர்களே.

அதாவது, வீட்டுக் கதவு மூடிய பிறகு ஒரு பெண்ணைக் காக்கச் சட்டம் இல்லை. கணவனின் குணம் ஒன்றுதான் காவல். அவன் நல்லவனா, கெட்டவனா என்பதைத் தாலி ஏறுவதற்கு முன்பே கண்டுபிடித்தாக வேண்டும். பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை. இந்த நிலையில் ஓர் ஆணின் குணத்தை முந்நூறு பக்கங்களுக்குச் சோதித்துப் பார்க்கும் கதையைப் பெண்கள் விரும்பிப் படித்ததை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. அது அவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

ஹேலின் நூல் வந்த நான்கு ஆண்டுகளில், 1740இல், சாமுவேல் ரிச்சர்ட்சன் 'பமேலா' என்ற நாவலை வெளியிட்டார். பமேலா 15 வயது வேலைக்காரப் பெண். முதலாளியம்மா இறந்ததும் அவருடைய மகன் அவளைத் துரத்துகிறான். அறையில் ஒளிந்திருந்து பிடிக்கிறான். தன் இன்னொரு பண்ணை வீட்டுக்குக் கடத்திச் சென்று காவல் வைக்கிறான். அவள் இணங்கவில்லை. தன் துன்பத்தையெல்லாம் கடிதங்களாக எழுதுகிறாள். அந்தக் கடிதங்களைப் படித்து அவன் மனம் மாறுகிறான். அவளையே மணந்துகொள்கிறான். கதை சுபம்.

நாவல் பெரும் வெற்றி பெற்றது. பமேலாவின் காட்சிகள் வரைந்த விசிறிகள்கூட விற்பனைக்கு வந்தன. ஆனால் அடுத்த ஆண்டே, 1741இல், ஹென்றி ஃபீல்டிங் 'ஷமேலா' என்று ஒரு கேலி நாவல் எழுதினார். பமேலாவின் ஒழுக்கம் நடிப்பு, பணக்காரனை வளைக்கப் போட்ட திட்டம் என்பது அவர் கிண்டல்.

இருவரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. கடத்தியவன் நாளை மறுபடி கடத்தமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ரிச்சர்ட்சனின் கதையில் உத்தரவாதம் எதுவும் இல்லை. அவன் திருந்திவிட்டான் என்று கதாசிரியர் சொல்கிறார், நாம் நம்ப வேண்டியதுதான். அடித்த கை அணைத்தது. காதல் நாவல் இந்த வாய்பாட்டோடுதான் நடக்கக் கற்றுக்கொண்டது.

வெளியேறிய பெண்

முதல் பெரிய திருப்பம் 1847இல் வந்தது. கரர் பெல் என்ற புனைபெயரில் சார்லட் பிராண்டி 'ஜேன் அயர்' நாவலை வெளியிட்டார். ஜேன் ஓர் அநாதை. அத்தை வீட்டில் அடிபட்டு வளர்ந்தவள். பிறகு பசியும் நோயும் மிகுந்த விடுதிப் பள்ளியில் படித்தவள். வளர்ந்து ஆசிரியையாகப் போன பெரிய வீட்டில், எஜமானர் ராச்செஸ்டரை விரும்புகிறாள். திருமணம் தேவாலயம் வரை வந்துவிடுகிறது. அங்கேதான் உண்மை தெரிகிறது. அவருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள். மனநலம் கெட்ட அந்தப் பெண் அதே வீட்டின் மேல்மாடியில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறாள்.

ராச்செஸ்டர் கெஞ்சுகிறார். தன் துயரத்தைச் சொல்லி அழுகிறார். தன்னை அவள்தான் காப்பாற்ற வேண்டும் என்கிறார். ஜேனுக்கு அவர்மீது இரக்கம் இருக்கிறது, காதலும் குறையவில்லை. இருந்தும் விடிவதற்குள் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். கையில் போதிய காசில்லை. பட்டினி கிடக்கிறாள். ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

அவள் திரும்பி வருவது நிலைமை மாறிய பிறகுதான். தந்தையின் சகோதரர் விட்டுச்சென்ற 20,000 பவுன் சொத்து அவளுக்குக் கிடைக்கிறது. அதை அத்தை வழிச் சொந்தங்கள் மூவரோடு சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறாள். ராச்செஸ்டரின் வீடு தீப்பற்றி எரிந்திருக்கிறது. உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றப் போய், மனைவியையும் காப்பாற்ற முயன்று, அவர் ஒரு கையையும் பார்வையையும் இழந்திருக்கிறார். மனைவி இறந்துவிட்டாள். இப்போது மறைப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. ஜேனுக்கும் அவரை அண்டி வாழ வேண்டிய அவசியமில்லை. அதன் பிறகே திருமணம்.

பமேலாவுக்கும் ஜேனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஜேன் அவரைத் திருத்துவதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. பொய் வெளிப்பட்டதும் எழுந்து போனாள். நம்பிக்கையை உடைத்தவருக்கு அதனால் ஓர் இழப்பு இருக்க வேண்டும், உண்மை முழுவதும் வெளியே வர வேண்டும், பெண்ணுக்குத் தன் காலில் நிற்கும் வழி வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளை அந்த நாவல் வைத்தது. மேல்மாடியில் அடைக்கப்பட்டவளுக்கு அது நியாயம் செய்யவில்லை என்பதும் உண்மைதான். அந்தக் குறையைப் பிற்கால எழுத்தாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

நாவல் வந்தபோது சட்டம் ஜேனின் பக்கம் இல்லை. நீதிமன்றம் சென்று மணவிலக்கு பெறும் வழி இங்கிலாந்தில் 1857இல்தான் வந்தது. மனைவிக்குச் சொத்துரிமை 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களால் படிப்படியாக வந்தது. ஹேல் சொன்ன கருத்தோ அசையவே இல்லை. அது கப்பலேறி இந்தப் பக்கமும் வந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கணவனுக்கு விலக்கு இருந்தது. அதைப் பின்பற்றி 1871இல் இயற்றப்பட்ட நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்தின் வழியாக, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா வீடுகளுக்குள்ளும் அது நுழைந்தது.

போருக்குப் பிறகு

1908இல் ஜெரால்ட் மில்ஸ், சார்ல்ஸ் பூன் என்ற இரண்டு நண்பர்கள் லண்டனில் ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். அதுதான் மில்ஸ் அண்ட் பூன். ஆரம்பத்தில் எல்லா வகைப் புத்தகங்களையும் போட்டார்கள். ஜாக் லண்டனின் நூல்களைக்கூட வெளியிட்டார்கள். காதல் நாவல் பக்கம் அவர்களை முழுதாகத் திருப்பியது வாசகியர்தான்.

இடையில் முதல் உலகப் போர் வந்தது. பிரிட்டன் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களை இழந்தது. 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 17 லட்சம் பேர் அதிகம். திரும்பி வந்த ஆண்களிலும் கை இழந்தவர்கள், கண் இழந்தவர்கள், பீரங்கி முழக்கத்தில் மனம் கலங்கிப்போனவர்கள் ஏராளம். இரவில் அலறி எழும் கணவனைப் பற்றி வெளியே பேசுவது அவமானம் என்று கருதப்பட்ட காலம்.

அந்த நேரத்தில்தான், 1919இல், ஈ. எம். ஹல் எழுதிய 'தி ஷேக்' வெளிவந்தது. பாலைவனத் தலைவன் ஒருவன் ஆங்கிலப் பெண்ணைக் கடத்திச் சென்று பலவந்தப்படுத்துகிறான். கடைசியில் அவள் அவனையே நேசிக்கிறாள். 1921இல் ருடால்ஃப் வாலண்டினோ நடித்துப் படமும் வந்தது. கூட்டம் அலைமோதியது. காயப்பட்ட ஆண்களால் நிறைந்த நாட்டில், எதற்கும் கலங்காத முரட்டு ஆணைப் பற்றிய கனவு விலைபோனது. 'ஜேன் அயர்' கற்றுத்தந்த பாடத்தைக் காதல் நாவல் மறந்து, பமேலாவின் முதலாளியிடமே திரும்பிப் போய்விட்டது.

1930களில் இங்கிலாந்தின் தெருமுனைகளில் இரண்டு பென்னி வாடகை நூலகங்கள் பெருகின. நம் ஊர் வாடகைக் கடைகளின் மூத்த உறவு என்று அவற்றைச் சொல்லலாம். தொழிற்சாலைப் பெண்களும் கடைச் சிப்பந்திகளும் இல்லத்தரசிகளும் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாவல் எடுத்துச் சென்றார்கள். மில்ஸ் அண்ட் பூன் மற்ற வகை நூல்களைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு காதல் நாவலிலேயே கவனம் செலுத்தியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கதையின் களம் மாறியது. 1948இல் பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. 1950களில் மருத்துவமனைக் காதல் கதைகளுக்குப் பெரிய கிராக்கி ஏற்பட்டது. நாயகி தாதி, நாயகன் மருத்துவர். இன்று படித்தால் பல இடங்களில் சிரிப்பு வரும். ஆனால் ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. பாலைவன நாயகனின் கை கடத்திக்கொண்டு போகும் கை. மருத்துவரின் கை காயத்துக்குக் கட்டுப்போடும் கை. நாயகிக்கும் ஒரு தொழில் இருந்தது, சம்பளம் இருந்தது.

1949இல் கனடாவின் வினிபெக் நகரில் ரிச்சர்ட் போனிகாசல் தொடங்கிய ஹார்லெக்வின் பதிப்பகம், 1957இல் மில்ஸ் அண்ட் பூன் நாவல்களை மறுபதிப்புச் செய்ய ஆரம்பித்தது. அவற்றைத் தேர்ந்தெடுத்தவர் அவருடைய மனைவி மேரி போனிகாசல். முதலில் எடுத்த நாவல் ஆன் விண்டன் எழுதிய 'தி ஹாஸ்பிடல் இன் புவாம்போ'. பெயரிலேயே மருத்துவமனை. 1971இல் ஹார்லெக்வின், மில்ஸ் அண்ட் பூன் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. குணப்படுத்தும் கதைகளில் தொடங்கிய உறவு, உலகின் மிகப் பெரிய காதல் நாவல் நிறுவனமாக வளர்ந்தது.

நாற்பத்திரண்டு பெண்கள்

1972இல் அமெரிக்காவில் இன்னொரு திருப்பம். கேத்லீன் வுடிவிஸ் எழுதிய 'தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்' நேரடியாக மலிவுப் பதிப்பாக வந்து பல லட்சம் பிரதிகள் விற்றது. படுக்கையறைக் கதவைத் திறந்து உள்ளே வாசகரை அழைத்துச் சென்ற முதல் பெரிய வெற்றி நாவல் இது. நாயகன் ஒரு கப்பல் தலைவன். நாயகியைத் தெருப் பெண் என்று தவறாக நினைத்துப் பலவந்தப்படுத்துகிறான். பிறகு நெடும் பக்கங்களுக்கு இருவரும் மெல்ல மெல்ல நெருங்குகிறார்கள்.

பெண்ணுரிமை இயக்கம் சூடுபிடித்திருந்த காலம் அது. இப்படிப்பட்ட கதையைப் பெண்களே எழுதி, பெண்களே வாங்கியது ஏன்? விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லும் பெண்ணைக் கெட்டவள் என்று சொன்ன சமூகத்தில், 'அவள் கேட்கவில்லை, அவன்தான் செய்தான்' என்று எழுதினால் நாயகிக்குப் பழி வராது என்பது ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம். விளக்கம் பொருத்தமாக இருக்கலாம். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது.

இந்தக் குழப்பத்தை வாசகியரிடமே போய்க் கேட்டவர் ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்கப் பேராசிரியர். அவருடைய 'ரீடிங் தி ரொமான்ஸ்' 1984இல் வெளிவந்தது. ஊர்ப் பெயரை மாற்றி 'ஸ்மித்டன்' என்று எழுதினார். அங்கே ஒரு புத்தகக் கடையில் பணிபுரிந்த பெண், எந்தக் காதல் நாவல் நல்லது, எது மோசம் என்று வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனை சொல்லிவந்தார், செய்திமடலும் எழுதினார். அவருடைய வாடிக்கையாளர்கள் 42 பேரிடம் ராட்வே கேள்விப்பட்டியல் கொடுத்தார். சிலரிடம் நேரில் நெடுநேரம் பேசினார். பெரும்பாலோர் திருமணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள்.

கதாநாயகனிடம் அவர்கள் முதன்மையாக எதிர்பார்த்தவற்றில் அறிவு, மென்மை, நகைச்சுவை உணர்வு ஆகியவை இருந்தன. வேண்டவே வேண்டாம் என்றவற்றில் வன்புணர்வும் சோக முடிவும் இருந்தன. சிலர் கடைசிப் பக்கங்களைப் பார்த்துவிட்டே புத்தகத்தை வாங்கினார்கள். நல்லபடி முடியும் என்ற உறுதி இருந்தால்தான் நடுவில் வரும் வேதனையைத் தாங்க முடியும் என்பது அவர்கள் நிலை.

ராட்வே கண்டது இன்னும் ஆழமானது. அந்தப் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை கணவனை, பிள்ளைகளை, பெரியவர்களைக் கவனிக்கிறார்கள். அவர்களைக் கவனிக்க வீட்டில் யாரும் இல்லை. கையில் புத்தகத்தை எடுத்தால், 'இது என் நேரம், கொஞ்சம் தொந்தரவு செய்யாதீர்கள்' என்று சொல்லாமல் சொன்னதாக ஆகிறது. கதைக்குள் போனால், தங்களைப் போன்ற ஒருத்தியை ஒருவன் கூர்ந்து கவனிக்கிறான். அவள் சோர்வை அறிகிறான். தாயைப் போலத் தாங்குகிறான். நாவலின் இழுப்பு இதுதான்.

ஆனால் ராட்வே இதோடு பாராட்டி முடித்துவிடவில்லை. பலவந்தம் வேண்டாம் என்ற அதே பெண்களுக்கு வுடிவிஸின் நாவல்கள் மிகவும் பிடித்திருந்தன. அவன் தவறாகப் புரிந்துகொண்டான், உள்ளுக்குள் அன்பு இருந்தது என்று அவர்கள் சமாதானம் சொன்னார்கள். நாயகனின் கடுமைக்குப் பின்னால் அன்பு ஒளிந்திருக்கிறது என்று பக்கத்துக்குப் பக்கம் படித்துப் பழகும் பெண், தன் வீட்டில் நடக்கும் கடுமையையும் அப்படியே படிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? ராட்வேயின் கவலை அது. நம் பழமொழி ஆங்கிலத்தில் இல்லாவிட்டாலும் அதன் நஞ்சு அங்கும் வேலை செய்தது.

கதவைத் தட்டும் நாயகன்

1980களில் மாற்றம் தொடங்கியது. விவியன் ஸ்டீவன்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கப் பெண் பதிப்பாசிரியர், டெல் பதிப்பகத்தில் புதிய வகை நாவல்களை ஊக்குவித்தார். நாயகிகளுக்கு வயது கூடியது. வேலைக்குப் போனார்கள். ஆணும் பெண்ணும் சமமாகப் பேசிக்கொண்டார்கள். அதே காலத்தில் ஹூஸ்டனில் தொடங்கிய அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் உருவாவதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

வெளியே மருத்துவ உலகிலும் சட்ட உலகிலும் காற்று மாறியது. கொடுமையின் பாதிப்பு ஆண்டுக்கணக்கில் மனத்தில் தங்கும் என்பதை 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒரு நோயாகவே ஏற்றது. 1991இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை நீதிபதிகள், ஹேலின் 255 ஆண்டுப் பழங்கருத்தைத் தூக்கி எறிந்தார்கள். 1993க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் திருமணத்துக்குள் நடக்கும் பலவந்தத்தை ஏதேனும் ஒரு வகையில் குற்றமாக்கின. மலேசியாவில் 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் இயற்றப்பட்டது.

1992இல் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 'டிராமா அண்ட் ரிகவரி' என்ற நூலை எழுதினார். வீட்டில் அடிபட்ட பெண்ணின் மனக்காயமும் போரில் உடைந்த வீரனின் மனக்காயமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அதில் காட்டினார். மீள்வதற்கு மூன்று கட்டங்களைச் சொன்னார். முதலில் பாதுகாப்பு. அடுத்து, நடந்ததைச் சொல்லி அழுது துக்கம் தீர்த்தல். கடைசியில் மனிதர்களோடு மறுபடி உறவு. வரிசை முக்கியம். பாதுகாப்பு இல்லாத இடத்தில் காயத்தைத் திறக்கக் கூடாது.

அதற்குப் பிந்தைய நல்ல காதல் நாவல்களைப் பார்த்தால் கிட்டத்தட்ட இதே வரிசை தெரிகிறது. அதே 1992இல் லாரா கின்சேல் எழுதிய 'ஃபிளவர்ஸ் ஃப்ரம் தி ஸ்டார்ம்' நாவலில், கணிதத்தில் மேதையான ஒரு பிரபுவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விடுகிறது. குடும்பம் அவரைப் பைத்தியம் என்று காப்பகத்தில் அடைக்கிறது. அங்கு வரும் குவேக்கர் பெண் ஒருத்தி மட்டும், அவர் பைத்தியமல்ல, வார்த்தை கிடைக்காமல் தவிப்பவர் என்று கண்டுகொள்கிறாள். அவரிடம் பொறுமையாகப் பேசுகிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

கனடாவில் ஆசிரியையாக இருந்து எழுத வந்தவர் மேரி பாலோ. 2012 முதல் 2016 வரை 'சர்வைவர்ஸ் கிளப்' என்று ஏழு நாவல்கள் எழுதினார். நெப்போலியன் காலப் போரால் உடலிலோ மனத்திலோ காயப்பட்ட ஆறு ஆண்களும் ஒரு பெண்ணும் ஒரே வீட்டில் தங்கிக் குணமானவர்கள். ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள். ஒவ்வொரு நாவலும் அவர்களில் ஒருவரின் கதை. 2013இல் வந்த 'தி அரேஞ்ச்மெண்ட்' நாவலின் நாயகன் 17 வயதில் போரில் பார்வை இழந்தவன். நாயகி உறவினர் வீட்டில் கண்டுகொள்ளாமல் வளர்க்கப்பட்டவள். திருமணம் செய்துகொள்ளும்போதே, ஓராண்டுக்குப் பிறகு வேண்டுமானால் தனித்தனியே வாழலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். போகும் கதவு திறந்திருப்பதால்தான் இருவராலும் நிம்மதியாக உள்ளே இருக்க முடிகிறது.

பமேலாவின் முதலாளி அறையில் ஒளிந்திருந்தான். இந்த நாவல்களின் நாயகன் கதவைத் தட்டுகிறான், பதில் வரும்வரை வெளியே நிற்கிறான். சொன்ன நேரத்துக்கு வருகிறான். தொடுவதற்கு முன் கேட்கிறான். வேண்டாம் என்றால் முகம் சுளிப்பதில்லை. பெரிய வசனம் எதுவும் இல்லை. பெண்களும் அப்படியே நடந்துகொள்கிறார்கள். காயம்பட்ட ஆணை அவசரப்படுத்துவதில்லை. பெரியவர்கள் படிக்கும் காதல் நாவலில் சுவாரசியம் இந்தச் சின்னச் சின்ன செயல்களில்தான் இருக்கிறது. இருபது வயதில் படித்தால் 'இதில் என்ன இருக்கிறது' என்று தோன்றும். நாற்பதில் படிப்பவருக்கு அதன் அருமை தெரியும்.

இரக்கம் வேறு, சகிப்பு வேறு

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 2011இல் வந்த 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' நாவலும் அதன் தொடர்ச்சிகளும் பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. சிறுவயதில் காயப்பட்ட ஒரு பணக்காரன், பெண்ணை எந்நேரமும் கண்காணிக்கிறான், கட்டுப்படுத்துகிறான். அவள் அன்பால் அவன் மாறுகிறான். குடும்ப வன்முறைக்கு எதிராகப் பணியாற்றும் பலர் இதைக் கண்டித்தார்கள். புதிய உடையில் வந்தவர் பழைய ராச்செஸ்டர்கூட இல்லை, பமேலாவின் முதலாளிதான்.

ஹெர்மனின் நூல் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. குணமாவது பாதிக்கப்பட்டவரின் கையில் இருக்கிறது. மற்றவர்கள் துணை நிற்கலாம், ஆதரவு தரலாம். அவருக்காக யாரும் குணமாகிவிட முடியாது. அப்படியானால், அன்பு செலுத்தினால் அடிக்கிறவன் திருந்திவிடுவான் என்று ஒரு பெண்ணிடம் சொல்வது, அவள் செய்ய முடியாத வேலையை அவள் தலையில் கட்டுவதாகும். அவன் திருந்தாவிட்டால் 'உன் அன்பு போதவில்லை' என்ற பழியும் அவளுக்கே வரும். நம் குடும்பங்களில் 'அனுசரித்துப் போ' என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களுக்கு இது கதையல்ல.

2016இல் கொலீன் ஹூவர் எழுதிய 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' இதை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது. 2024இல் திரைப்படமாகவும் வந்தது. லில்லியின் கணவன் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். 1950களின் நாவலில் இருந்திருந்தால் அவன்தான் இலட்சிய நாயகன். ஆனால் அவன் அடிக்கிறான். சிறுவயதில் தெரியாமல் அண்ணனைச் சுட்டுவிட்ட கொடிய நினைவு அவனுக்குள் இருக்கிறது. அந்தக் காயம் உண்மையானது. லில்லிக்கு அது புரிகிறது, இரக்கமும் வருகிறது. ஆனாலும் மகள் பிறந்ததும் மணவிலக்குக் கேட்கிறாள். தன் தாய் பட்டது தன் மகளுக்கும் தொடரக் கூடாது என்பது அவள் முடிவு. இது காதல் கதை என்று விற்கப்பட்டது சரியா என்று பலர் வாதிட்டார்கள். ஆனால் 1847இல் ஜேன் திறந்து வெளியேறிய அதே கதவைத்தான் லில்லியும் திறந்தாள். ஒரு வேறுபாடு, லில்லிக்குப் பின்னால் சட்டம் இருந்தது.

நம் பக்கத்திலும் அந்தக் கதவு மெல்லத் திறந்திருக்கிறது. 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்குள் நுழைந்த கணவனுக்கான விலக்கைச் சிங்கப்பூர் 2020 ஜனவரி 1 முதல் முழுமையாக நீக்கியது. ஹேலின் நூல் அச்சாகி 284 ஆண்டுகள் கழித்து.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை பேருந்திலோ ரயிலிலோ ஒரு பெண் காதல் நாவலில் மூழ்கியிருப்பதைப் பார்த்தால் சிரிக்க வேண்டாம். நாள் முழுவதும் மற்றவர்களைக் கவனித்துவிட்டு, தன்னைப் போன்ற ஒருத்தியைக் கவனிக்கும் ஓர் உலகத்துக்குள் அவர் அரைமணி நேரம் போயிருக்கிறார். அவருடைய வீட்டில் இருப்பவர்கள் அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தால், அவருக்கு என்ன வேண்டும் என்பது தெரியக்கூடும். அது பெரிய செலவு பிடிக்கும் விஷயமாக இருக்காது.

படிக்கும் பெண்களுக்கும் ஒன்று சொல்லலாம். கதையில் நாயகன் கடுமையாக நடந்துகொள்ளும்போது, அவன் பின்னால் திருந்துவான் என்று காத்திருக்காமல், அந்த இடத்தில் புத்தகத்தைச் சற்று மூடி வைத்து யோசியுங்கள். இவளுக்குப் போக்கிடம் இருக்கிறதா? இவன் உண்மையைச் சொல்லிவிட்டானா? செய்ததற்கு ஈடு கொடுத்தானா? ஜேன் கேட்ட கேள்விகள்தான் இவை. நாவலில் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

பிள்ளைகளின் காதில் விழும்படி அந்தப் பழமொழியைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிதானிப்போம். அணைக்கிற கை அணைக்கட்டும். அதற்கு முன்னால் அடிக்க வேண்டிய அவசியம் எந்தக் கைக்கும் இல்லை.